குதிகால் வலிக்கு எந்த ஊசி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடியை ஊன்றும்போது குதிகாலின் அடியில் ஆணி ஏறியது போன்ற வலி. பத்துப் பதினைந்து அடி நடந்ததும் சற்றுத் தணியும்; நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே வலி. மாதக்கணக்கில் இப்படி நொண்டி நடந்து, செருப்பை மாற்றியும் மாத்திரை சாப்பிட்டும் தீராதவர்களிடம் ‘ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம்’ என்று மருத்துவர் சொல்லும் கட்டம் ஒன்று வரும். எந்த ஊசி, எத்தனை முறை, எவ்வளவு காலத்துக்குப் பலன் என்ற குழப்பமும் அப்போதே தொடங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் நிற்பவர்களுக்காகவே இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் காலைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் முடிவுக்கு இவை மாற்று ஆகமாட்டா; அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்க உதவினால் போதும்.

குதிகாலில் வலி இருந்தாலே ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. இங்கே பேசப்படும் ஊசிகள் எல்லாம் பிளான்டர் ஃபேசியைடிஸ் எனப்படும் ஒரு குறிப்பிட்ட கோளாறுக்கானவை. குதிகால் எலும்பின் அடிப்பகுதியில், உட்பக்கமாகத் தொடங்கி விரல்களின் அடிவரை விசிறிபோல் விரியும் தடித்த நார்ப்பட்டை ஒன்று பாதத்தின் வளைவைத் தாங்கி நிற்கிறது. அது எலும்பில் வேர்கொள்ளும் இடத்தில் நைந்துபோவதுதான் இந்தக் கோளாறு. விரலால் அழுத்தினால் குதிகாலின் அடியில் உட்புறமாக ஒரே இடத்தில் சுருக்கென்று வலிக்கும். பெருவிரலை மேல்நோக்கி வளைத்தபடி அழுத்தினால் பெரும்பாலோருக்கு இன்னும் கூடும்.

வலி அந்த இடத்தில் இல்லையென்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். குதிகாலை இரு பக்கமும் சேர்த்துப் பிடித்து அழுத்தும்போது வலித்தால் எலும்பில் மயிரிழை முறிவு இருக்கக்கூடும். எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் கணுக்காலின் உட்பக்கத்தில் நரம்பு நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். வயதில் இளையவர் ஒருவருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் நெடுநேரம் இறுகியிருந்தால், அது முதுகெலும்பைத் தாக்கும் வாத நோயின் தொடக்கமாக இருக்கலாம். இவற்றில் எதற்கும் குதிகாலில் ஊசி போடுவது தீர்வாகாது. சரியான சிகிச்சை தள்ளிப்போவதுதான் மிச்சம்.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் வளர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஊசி போட்டால் அது கரையுமா?

கரையாது, கரைய வேண்டிய தேவையும் இல்லை. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. வலி முழுவதும் தீர்ந்தவர்களிடமும் முள் அப்படியே இருக்கும். ஊசி மருந்து முள்ளைக் குறிவைத்துப் போடப்படுவதல்ல.

இது அழற்சி என்கிறார்கள். அப்படியானால் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசிதானே பொருத்தமானது?

மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படையானது இதுதான். ‘ஐடிஸ்’ என்று முடியும் பெயர் அழற்சியைக் குறிக்கிறது. ஆனால் நாள்பட்ட நிலையில் அங்கே நடப்பது பெரும்பாலும் அழற்சி அல்ல. அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட 50 பேரின் நார்ப்பட்டைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அழற்சிக்குரிய அணுக்களைக் காணாமல், இழைகள் ஒழுங்கு குலைந்து நைந்து, இடையிடையே கூழ்போல் மாறியிருந்ததைத்தான் கண்டது. அதனால் இதை ‘ஃபேசியோசிஸ்’, அதாவது திசுச் சிதைவு, என்று அழைப்பதே சரி என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. நாள்பட்ட குதிகால் வலிக்கான ஊசிகள் இரண்டு எதிரெதிர் எண்ணங்களிலிருந்து பிறந்தவை. ஸ்டீராய்டு, திசுவின் எரிச்சலை அடக்குகிறது. பி.ஆர்.பி. (நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும், தட்டணுக்கள் செறிந்த நீர்), டெக்ஸ்ட்ரோஸ் (செறிவான சர்க்கரைக் கரைசல்) முதலியவையோ திசுவைத் தூண்டிவிட்டு, நின்றுபோன பழுதுபார்க்கும் வேலையை மறுபடி தொடங்கவைக்கும் நோக்கம் கொண்டவை. முன்னது உடனே வலியைத் தணித்து விரைவில் ஓய்ந்துவிடுவதற்கும், பின்னவை தொடக்கத்தில் வலியைக் கூட்டி மெல்லப் பலன் தருவதற்கும் காரணம் இந்த வேறுபாடாகவே இருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் பொறுத்துப் பார்த்த பிறகு ஊசியைப் பற்றி யோசிக்கலாம்?

பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் வரை, முறையான பயிற்சி, காலணிக்குள் வைக்கும் மெத்தென்ற குதிகால் திண்டு, காலணி மாற்றம், நிற்கும் நேரத்தைக் குறைத்தல் ஆகியவற்றைச் செய்த பிறகும் வலி குறையாவிட்டால் ஊசி பேச்சுக்கு வரலாம். ‘முறையான’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு வாரம் அரைமனதோடு காலை நீட்டி மடக்கிவிட்டு ‘பிசியோதெரபி பலிக்கவில்லை’ என்று ஊசிக்கு வருபவர்கள் ஏராளம்.

பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஓராண்டில் தானே சரியாகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது ஆறுதலான கணக்கு. ஆனால் எல்லோருக்கும் பொருந்துவதல்ல. 174 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் பாதிக்குச் சற்றே குறைவானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் வலி எஞ்சியிருந்தது. ‘தானே போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடுவது, ஆண்டுக்கணக்கில் துன்பப்படுபவருக்கு நியாயம் செய்வதாகாது.

ஸ்டீராய்டு ஊசியால் எவ்வளவு பலன் கிடைக்கும்?

விரைவான பலன் உண்டு, ஆனால் குறுகிய காலத்துக்கே. இந்த ஊசியைப் பற்றி மிகக் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் ஒன்று 2012ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. 82 பேரில் ஒரு பாதியினருக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்து டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும், மறுபாதியினருக்கு அதே முறையில் வெறும் உப்புநீரும் செலுத்தப்பட்டன. யாருக்கு எது போடப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. நான்கு வாரத்தில் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்திருந்தது. எட்டாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் வலியைப் பொறுத்தவரை இரு குழுவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தடித்துப்போன நார்ப்பட்டை ஸ்கேனில் மெலிந்திருந்தது மட்டும் நீடித்தது. இயல்பாக 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய பட்டை மெலிவதும் வலி தீர்வதும் ஒன்றல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

பின்னர் 2017ஆம் ஆண்டில் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 39 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதே முடிவுதான் கிடைத்தது. ஒரு மாதம் வரை வலி ஓரளவு குறையலாம், அதற்குப் பின் பலன் நீடிப்பதாகத் தெரியவில்லை, அந்த ஆய்வுகளின் தரமும் உயர்ந்ததல்ல என்று அது சொன்னது.

இதை வைத்து ஸ்டீராய்டு ஊசி வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வேலைக்கே போக முடியாமல் தவிப்பவருக்கு, வலியால் பயிற்சியைத் தொடங்கவே இயலாதவருக்கு, நான்கு வாரம் வலி தணிவது பெரிய உதவி. அந்த நான்கு வாரத்தில் காலைப் பழக்கப்படுத்திக்கொள்ளாமல், வலி போய்விட்டதென்று பழையபடி ஓடியாடத் தொடங்குவதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் நார்ப்பட்டை அறுந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

அரிதாக நடக்கக்கூடியது, ஆனால் உண்மையான ஆபத்து. 1998ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய்க்காகச் சிகிச்சை பெற்ற 765 பேரில் 51 பேருக்குப் பட்டை அறுந்திருந்தது. அவர்களில் 44 பேர் அதற்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள். சிக்கலான நோயாளிகள் வந்து சேரும் இடத்தில் எடுத்த கணக்கு என்பதால் எல்லோருக்கும் இதே விகிதம் என்று கொள்ள முடியாது. காக்ரேன் திரட்டிய ஆய்வுகளில் பக்கவிளைவுகள் பதிவான 699 பேரில் இருவருக்கு மட்டுமே பட்டை அறுந்திருந்தது. மூவருக்கு ஊசி போட்ட இடத்தில் சீழ்த்தொற்று ஏற்பட்டது.

அறுந்தால் ‘டப்’பென்று ஏதோ தெறித்தது போன்ற உணர்வும் பாதத்தின் அடியில் கன்றிப்போதலும் இருக்கும். விந்தை என்னவென்றால், சிலருக்குப் பட்டை அறுந்ததும் பழைய வலி மறைந்துவிடுகிறது. ஆனால் பாத வளைவு தளர்ந்து, சுமை பாதத்தின் வெளிப்புறத்துக்கு நகர்ந்து, அங்கே புதிதாக வலி தொடங்குவதும் உண்டு.

இன்னொரு பக்கவிளைவு, குதிகாலின் அடியிலுள்ள கொழுப்புத் திண்டு தேய்ந்துபோவது. பல முறை ஊசி போட்டவர்களுக்கும், பாதத்தின் அடியிலிருந்து திண்டின் ஊடாகவே மருந்து செலுத்தப்பட்டவர்களுக்கும் இது நேரக்கூடும். அந்தத் திண்டு இயற்கை கொடுத்த மெத்தை. தேய்ந்தால் பழையபடி வளராது. கூழாங்கல் மேல் நடப்பது போன்ற வலி நிரந்தரமாகிவிடும். என் பார்வையில், பட்டை அறுவதைக் காட்டிலும் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். ஊசி குதிகாலின் உட்பக்கத்திலிருந்து செலுத்தப்படுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எத்தனை முறை போட்டுக்கொள்ளலாம்?

ஒரு முறை போட்டுப் பலன் கிடைத்து, மாதங்கள் கழித்து வலி திரும்பினால் இரண்டாவது முறை யோசிக்கலாம். ஓராண்டில் இரண்டு மூன்று முறைக்கு மேல் போகக் கூடாது என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் வழக்கம். முதல் ஊசிக்கே அசையாத வலிக்கு அதே மருந்தை மறுபடி செலுத்துவதற்கு நியாயம் எதுவும் தெரியவில்லை.

பி.ஆர்.பி. என்பது என்ன? எப்படிச் செய்கிறார்கள்?

கையிலிருந்து உங்கள் இரத்தத்தையே எடுத்து, சுழற்சி எந்திரத்தில் சில நிமிடங்கள் வேகமாகச் சுழற்றுவார்கள். குழாயை வெளியே எடுத்துப் பார்த்தால் அடியில் அடர்சிவப்பாகச் சிவப்பணுக்கள், அதன்மேல் நூலிழை தடிமனில் வெளிறிய ஒரு படலம், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் என்று மூன்று அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். இரத்தத் தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் உறிஞ்சியெடுத்துக் குதிகாலில் செலுத்துவார்கள். இயல்பான இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். இதில் அது பல மடங்கு கூடியிருக்கும். காயம் பட்ட இடத்தில் திசு வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைத் தட்டணுக்கள் வெளியிடுகின்றன; நைந்த பட்டையிலும் அதே வேலை நடக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் இந்த ஊசி போடப்படுகிறது.

சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் ஊசி போட்ட முதல் சில நாட்கள் வலி முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாததால் பயந்துபோகிறவர்கள் பலர். தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும் என்பதால் ஐபுபுரூஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஊசிக்குச் சில நாட்கள் முன்பிருந்தே நிறுத்தி, பின்னும் சில வாரங்கள் தவிர்க்கச் சொல்வது வழக்கம். வலி தாங்கவில்லையென்றால் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். இதய நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் மட்டும் அதைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

ஸ்டீராய்டா, பி.ஆர்.பி.யா? நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2014ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மற்ற சிகிச்சைகள் பலிக்காத 40 பேர் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். வலியையும் நடமாட்டத்தையும் சேர்த்து 100க்கு மதிப்பெண் இடும் முறையில், ஸ்டீராய்டு போட்டவர்கள் 52இலிருந்து மூன்றாம் மாதத்தில் 81க்கு ஏறி, ஓராண்டில் 58க்கு இறங்கிவிட்டார்கள். பி.ஆர்.பி. போட்டவர்கள் 37இலிருந்து 95க்கு ஏறி, இரண்டாண்டுகள் கழித்தும் 90க்கு மேலேயே நின்றார்கள். 115 பேரை வைத்து 2019ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்விலும், ஓராண்டு முடிவில் பி.ஆர்.பி. குழுவுக்கு வலி குறைவாக இருந்தது.

எண்களைப் பார்த்ததும் பி.ஆர்.பி.யே வென்றது என்று தோன்றும். இரண்டு காரணங்களால் நான் அவ்வளவு விரைவாக முடிவுக்கு வரமாட்டேன். ஒன்று, ஒரே தயாரிப்பு முறை இல்லை; ஓரிடத்தில் தட்டணுக்கள் இரு மடங்கு, இன்னோரிடத்தில் ஐந்து மடங்கு, ஓரிடத்தில் வெள்ளணுக்களோடு, மற்றோரிடத்தில் அவை நீக்கப்பட்டு. எல்லாவற்றுக்கும் பெயர் மட்டும் ஒன்றே. இரண்டாவது, பெரும்பாலான ஒப்பீடுகள் ஸ்டீராய்டோடு செய்யப்பட்டவை. உப்புநீரோடு ஒப்பிட்டவை குறைவு. ஓராண்டு கழித்துப் பி.ஆர்.பி. நன்றாகத் தெரிவதில் எவ்வளவு அதன் சொந்தப் பலன், எவ்வளவு ஸ்டீராய்டின் பலன் வடிந்துபோனது என்று பிரித்தறிவது கடினம்.

2018ஆம் ஆண்டில் வெளியான வேறொரு ஆய்வு ஸ்டீராய்டு, பி.ஆர்.பி., டெக்ஸ்ட்ரோஸ், ஷாக்வேவ் (வெளியிலிருந்து குதிகாலில் அதிர்வலைகளைச் செலுத்தும் சிகிச்சை) ஆகிய நான்கையும் ஒன்றாக நிறுத்தி 36 மாதங்கள் கவனித்தது. முதல் மூன்று மாதங்களில் ஸ்டீராய்டும், முதல் ஆறு மாதங்களில் ஷாக்வேவும் நன்றாக வேலை செய்தன. பி.ஆர்.பி., டெக்ஸ்ட்ரோஸ் இரண்டின் பலன் மூன்றாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதத்துக்குள் தெரிந்தது. மூன்றாண்டு முடிவில் நான்குக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே ‘எது சிறந்தது’ என்று கேட்பதைவிட, ‘எனக்கு எப்போது தணிவு வேண்டும், எவ்வளவு காத்திருக்க முடியும்’ என்று கேட்பதே பொருத்தமாக இருக்கும். அடுத்த வாரமே நின்று வேலை செய்தாக வேண்டியவருக்கும், ஆறு மாதம் பொறுக்கக்கூடியவருக்கும் ஒரே விடை இருக்க முடியாது.

டெக்ஸ்ட்ரோஸ் ஊசி என்பது வெறும் சர்க்கரைத் தண்ணீர்தானா?

ஆம், செறிவு கூடிய குளுக்கோஸ் கரைசல்தான். வழக்கமாக 15 முதல் 25 விழுக்காடு. புரோலோதெரபி என்று இதற்குப் பெயர். நைந்த இடத்தில் சிறு எரிச்சலை உண்டாக்கி, உடல் அதைச் சரிசெய்யத் தொடங்கவைப்பதே நோக்கம். சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை போட வேண்டியிருக்கும். ஆய்வுகள் சிறியவை என்றாலும் திசை நம்பிக்கை தருவதாக இருக்கிறது. பி.ஆர்.பி.க்கு வேண்டிய எந்திரமும் இரத்தம் எடுப்பதும் இதற்குத் தேவையில்லை. உரிய கவனம் இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

முகச் சுருக்கத்துக்குப் போடும் போட்டாக்ஸ் குதிகாலுக்கும் போடுகிறார்களாமே?

போட்டுலினம் டாக்ஸின் தசையைத் தளர்த்தும் மருந்து. வலி உணர்த்தும் பொருள்கள் நரம்பு முனைகளில் சுரப்பதையும் அது குறைப்பதாகக் கருதப்படுகிறது. 27 பேரின் 43 பாதங்களில் செய்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் உப்புநீரைவிட அது நன்றாக வேலை செய்தது. 2013ஆம் ஆண்டில் வெளியான இன்னொன்றின் அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஊசி குதிகாலில் போடப்படவே இல்லை. கெண்டைக்கால் தசையில் போடப்பட்டது. கெண்டைக்கால் இறுகியிருந்தால் ஒவ்வோர் அடியிலும் குதிகாலை மேலிழுத்துப் பாதப் பட்டைக்கு இழுவிசையைக் கூட்டும். அதைத் தளர்த்தினால் பட்டை ஓய்வு பெறும் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். 36 பேரில், குதிகாலில் ஸ்டீராய்டு போட்டவர்களைவிடக் கெண்டைக்காலில் இதைப் போட்டவர்கள் நன்றாகத் தேறினார்கள். பட்டை அறுவது, திண்டு தேய்வது ஆகிய அச்சங்கள் இதில் குறைவு. ஆய்வுகள் இன்னும் கொஞ்சமே.

இரத்தத்தைச் சுழற்றாமல் அப்படியே போடுவதும் உண்டா?

உண்டு. பி.ஆர்.பி. பரவுவதற்கு முன் செய்யப்பட்ட முறை அது. தொடக்க மாதங்களில் ஸ்டீராய்டு அதைவிட விரைவாக வலியைக் குறைத்ததாகவே ஒப்பீடு காட்டியது.

ஊசி போடும்போது மிகவும் வலிக்குமா? ஸ்கேன் பார்த்துத்தான் போட வேண்டுமா?

குதிகாலின் தோலுக்கடியில் திசு இறுக்கமாக இருப்பதால் மருந்து உள்ளே இறங்கும்போது அழுத்தமும் வலியும் தெரியும், மறைப்பதற்கில்லை. அதனால்தான் பலர் முதலில் கணுக்காலின் உட்பக்கத்தில் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போட்டு, பாதத்தின் அடி உணர்விழந்த பிறகு தொடர்கிறார்கள். குப்புறப் படுத்து, பாதம் மேசையின் விளிம்புக்கு வெளியே தொங்க, குளிர்ந்த ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைப்பார்கள். திரையில் பட்டை சாம்பல் நிறக் கயிறு போலத் தெரியும். நோயுற்ற இடம் மட்டும் உப்பிக் கருத்திருக்கும். உட்பக்கத்திலிருந்து நுழையும் ஊசி வெண்ணிறக் கோடாக அதை நோக்கி நகர்வதை மருத்துவர் பார்த்தபடியே செலுத்துவார். மருந்து கொழுப்புத் திண்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள இது உதவுகிறது. வசதி இருக்கும் இடத்தில் ஸ்கேன் பார்த்தே போட்டுக்கொள்ளுங்கள்.

மரத்த பாதத்தோடு சில மணி நேரம் வாகனம் ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளலாமா?

ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, இரத்தச் சர்க்கரை கூடும். ஏற்கெனவே கட்டுக்குள் இல்லாதவர்கள் முதலில் அதைக் கட்டுப்படுத்திவிட்டு வருவது நல்லது. ஊசிக்குப் பின் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களும் ஆறாத புண் உள்ளவர்களும் எந்த ஊசியானாலும் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். ஊசி போடும் இடத்தில் புண்ணோ தொற்றோ இருந்தால் எதையும் போடக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் கருவுற்றவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வலி குதிகாலின் பின்புறம் இருக்கிறது. அங்கேயும் ஸ்டீராய்டு போடலாமா?

அது வேறு நோய். அங்கே இருப்பது அக்கிலிஸ் தசைநாண். அதற்குள் ஸ்டீராய்டு செலுத்தினால் நாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு என்பதால் மருத்துவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள்.

ஊசி போட்டபின் என்ன செய்ய வேண்டும்?

முதல் இரண்டு நாள் அதிகம் நடக்காமல், மெத்தென்ற காலணியோடு இருங்கள். ஸ்டீராய்டு போட்டவர்கள் வலி அறவே இல்லாவிட்டாலும் குறைந்தது இரண்டு வாரம் ஓட்டம், குதித்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பட்டை பலம் குன்றியிருக்கும் காலம் அது. பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு அதைவிட நீண்ட இடைவெளியை மருத்துவர் சொல்லக்கூடும்.

அதன் பிறகு பயிற்சி. 2015ஆம் ஆண்டில் 48 பேரை வைத்து வெளியான ஆய்வில் பயன்பட்ட முறை எளிமையானது. ஒரு துண்டைச் சுருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மேல்நோக்கி வளைந்திருக்கும்படி ஒற்றைக்காலில் நின்று, மூன்று வினாடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு வினாடி நிறுத்தி, மூன்று வினாடியில் இறக்க வேண்டும். விரல்கள் வளைந்திருப்பதால் பாதப் பட்டை இறுகிச் சுமையை ஏற்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்து, பழகப் பழக முதுகுப் பையில் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மூன்றாம் மாதத்தில், காலை நீட்டும் பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டில் இரு குழுவும் சமமாகிவிட்டன.

பயிற்சியோடு ஸ்டீராய்டு ஊசியையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று 180 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆலோசனையும் குதிகால் திண்டும் மட்டும் பெற்றவர்களைவிட, பயிற்சியும் ஊசியும் சேர்த்துப் பெற்றவர்கள் பன்னிரண்டாம் வாரத்தில் சற்றே முன்னேறியிருந்தார்கள். வேறுபாடு இருந்தது, ஆனால் சிறியது. ஊசிமேல் முழுப் பாரத்தையும் போடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஊசி போட்டும் வலி குறையவில்லை. அடுத்து என்ன?

வேறோர் ஊசிக்குத் தாவுவதற்கு முன், நோய் இதுதானா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நரம்பு நெரிபடுவதும் எலும்பின் மயிரிழை முறிவும் முதல் பரிசோதனையில் நழுவிவிடுவதுண்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அப்போது கைகொடுக்கும். நோய் அதுவேதான் என்றால் ஷாக்வேவ் சிகிச்சை ஒரு வழி. பட்டை அறுவது, திண்டு தேய்வது போன்ற ஆபத்துகள் அதில் இல்லை. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை எல்லாம் செய்தும் தீராத சிலருக்கே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

ஊசி போட்ட மறுநாள் இலேசான வீக்கமும் வலியும் இயல்பானவை. இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். அதற்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனால், குதிகால் சிவந்து சூடாகி நீர் அல்லது சீழ் கசிந்தால், காய்ச்சல் வந்தால், அல்லது நடக்கும்போது ஏதோ தெறித்து உள்ளங்கால் கன்றிப்போனால், அடுத்த சந்திப்புக்கான நாள்வரை காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டிவிடுங்கள்.